இரண்டாம் நம்பருக்கு உடம்பு சரியில்லை

ஸ்க்ரூடிரைவரின் நுனியை வாஷிங் மெஷினின் முதுகில் ஊன்றி, பிடியைத் தன் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார் மூன்றாம் மாடிக்காரர். மெஷின் தன் பாட்டுக்குத் துவைக்கிறது. அழுக்குக் கூடையோடு கீழ்த்தளத்துக்கு வந்த முதல் மாடிப் பெண்மணி இதைப் பார்த்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் அப்படியே பின்வாங்கிப் படியேறிவிட்டார். அன்று அவர் வீட்டில் துணி துவைக்கவில்லை. வேறு வேலை வந்துவிட்டது.

அந்த அடுக்ககத்தில் தமிழ் பேசும் வீடுகள் ஐந்து. மதியத்துக்குள் வதந்தி ஏழு. முதல் மாடித் தகவல்படி, அவர் மெஷினிடம் குறி கேட்கிறார். நான்காம் மாடித் தகவல்படி, தண்ணீர்க் குழாய் வழியாக அடுத்த வீட்டுச் சண்டைகளை ஒட்டுக்கேட்கிறார். இதைச் சொன்ன வீட்டில்தான் சண்டை அதிகம். இரண்டாம் மாடி டாக்சி ஓட்டுநர், பெரிய மீசைக்காரர், எதையும் ஸ்டியரிங் பிடித்தபடியே சொல்வதுபோல நேராகப் பார்த்துச் சொல்பவர், நோயின் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார். "வேலை வெட்டி இல்லாம வீட்லயே உக்காந்திருந்தா அப்படித்தான். முதல்ல இவரு மெஷின்கூட பேசுவாரு. அப்புறம் மெஷின் இவருகூட பேசும்."

சரிபார்ப்பது கஷ்டமில்லை. எந்த வார நாளிலும் காலை பத்து மணிக்குச் சலவை அறைக்கு இறங்கினால் போதும். வரிசையாக மூன்று மெஷின்கள், சோப்புத்தூள் வாசனை, ஒற்றைக் காலுறைகளுக்கென்று ஒரு பெட்டி, அவர். கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்.

"குறியும் இல்ல, மந்திரமும் இல்ல. இரண்டாம் நம்பருக்கு உடம்பு சரியில்ல. பேரிங் போயிட்டிருக்கு. காது குடுத்துக் கேட்டா அதுவே சொல்லும்."

ஆக, டாக்சிக்காரர் சொன்னதில் பாதி உண்மை.

வயது ஐம்பத்து மூன்று. நூற்பு மில்லில் இருபத்தேழு வருடம் ஃபிட்டர். வீட்டிலும் வெளியிலும் பெயரே ஃபிட்டர்தான். மனைவிக்கு இந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தது. அவர் முதலில் வந்து வீடு பிடித்தார். இவர் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தார். மில் இன்றைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் லேசான மனத்தாங்கல். தான் வந்த பிறகு ஒரு மெஷினாவது ஒரு நாளாவது முரண்டு பிடித்திருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

வந்து பதினோரு மாதம். மூன்று இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டார். மூன்று இடத்திலும் இந்த ஊரில் வேலை பார்த்த அனுபவம் கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று மனைவியிடம் கேட்டார். மனைவி அதை அவர்களிடம் மொழிபெயர்க்கவில்லை. பகல் முழுக்க ஃபிட்டர் வீட்டோடு இருந்தார். வீட்டில் இருந்த மின்சாதனங்களுக்குப் பேச்சுத் துணை கிடைத்தது.

முதல் சண்டை அடுப்போடு. ஊரிலிருந்து பதினொரு கிலோ அலுமினியப் பாத்திரங்களைத் துணி சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். இங்கே வீட்டோடு கிடைத்த அடுப்பு கண்ணாடிப் பலகைபோல இருந்தது. நெருப்பு கிடையாது. அதன்மேல் அலுமினியப் பாத்திரத்தை வைத்தால், இப்படி ஒரு பொருளைப் பார்த்ததே இல்லை என்பதுபோல மூன்று முறை கீச்சிட்டுவிட்டு அணைந்துவிடும். "காந்தம் ஒட்டற பாத்திரம்தான் இதுக்கு வேணும். குலம் கோத்திரம் கேக்குது" என்றார் ஃபிட்டர். அன்றுமுதல் பாத்திரக்கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தத்தோடு போவார். ஒவ்வொரு சட்டியின் அடியிலும் ஒட்டிப் பார்த்து, ஒட்டாததைத் தலையசைத்துக் கீழே வைப்பார். கடைக்காரர்கள் ஆரம்பத்தில் அவர் பின்னாலேயே வந்தார்கள். இப்போது எது ஒட்டும் என்று அவரிடமே கேட்கிறார்கள்.

அடுத்தது மிக்ஸி. ஊர் மிக்ஸிக்கு வேண்டிய வோல்டேஜில் பாதிதான் இங்கே சுவரில் வருகிறது. முதல் நாள் அது மிளகாயை அரைக்கவில்லை, பக்குவமாகக் கிளறிவிட்டது. மின்சாரத்தை ஏற்றிக்கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கினார். குழவிக்கல் கனம். கூடத்தின் நடுவில் உர்ரென்று உட்கார்ந்திருக்கும். வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை காலில் இடித்துக்கொண்டார்கள். மேலே ஒரு குட்டி மெத்தையைப் போட்டு அதை முக்காலி ஆக்கியது மனைவியின் யோசனை. உட்கார்ந்தவர்கள் சூடாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

ஆனால் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியாதது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட். பக்கத்தில் ஸ்விட்ச் இல்லை. ஊரில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு ஸ்விட்ச். தட்டினால் நின்றது, அவ்வளவுதான். இங்கே பிளக்கைச் செருகினால் மின்சாரம், பிடுங்கினால் இல்லை. "கதவே வெக்காம வீடு கட்டி வெச்சிருக்காங்க" என்பார். அதனால் வெளியே கிளம்பும்போதெல்லாம் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் வரிசையாகப் பிடுங்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். ஒருமுறை மனைவியின் தோழி வீட்டுக்கு இரண்டு நாள் போய்வந்தார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் எதிர்கொண்டு அழைத்தது.

"ஏங்க, ஃப்ரிட்ஜையுமா?"

"எல்லாத்தையும்னு சொன்னா எல்லாத்தையும்தான். அதுக்கு மட்டும் என்ன சலுகை."

இந்தப் பிடுங்கும் பழக்கத்துக்கு வேர் மில்லில் இருக்கிறது. அங்கே ஒரு மெஷினுக்குள் கை விடுவதற்கு முன்னால், ஃபிட்டர் அதன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கட்டை அவர் பையில் இருக்கும்வரை முதலாளியே வந்தாலும் அந்த மெஷினை ஓட்ட முடியாது. கூடவே ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிடுவார். உள்ளே ஒருத்தன் கை இருக்கிறது என்று அர்த்தம். இருபத்தேழு வருடத்தில் அவருக்குப் பத்து விரலும் பத்தாகவே இருப்பது இந்தப் பழக்கத்தால்தான். கேட்பவர்களுக்கு விரித்துக் காட்டுவார்.

இரண்டாம் நம்பர் மெஷின் உறுமத் தொடங்கியபோது அவர் முறைப்படி முதலில் கட்டடப் பொறுப்பாளர் அம்மாவிடம் போனார். இடுப்பில் சாவிக்கொத்து ஆடும் உயரமான பெண். அவர் மொழியில் ஃபிட்டருக்கு இருபது வார்த்தை தெரியும். அதில் எட்டு வணக்கம், ஏழு காய்கறி. மிச்சம் ஐந்தை வைத்துக்கொண்டு பேரிங்கை விளக்க முடியாது. எனவே மெஷின் எப்படிச் சத்தம் போடுகிறதோ அதை அப்படியே வாயால் போட்டுக் காட்டினார். "கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்." கூடவே வயிற்றுப் பக்கம் கையைச் சுழற்றிக் காட்டினார், டிரம் சுற்றுவதாக. அந்த அம்மா மிகுந்த பரிவோடு உள்ளே போய், அஜீரண மாத்திரை ஒன்றும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். மரியாதைக்காக ஃபிட்டர் அதை விழுங்கினார்.

அடுத்ததாக அவர் செய்ததுதான் தப்பு. மில்லில் செய்வதைச் செய்தார். இரண்டாம் நம்பரின் பிளக்கைப் பிடுங்கி, மனைவியின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, மேலே வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். அவர் கணக்கில் மெஷின் இப்போது பத்திரம். மற்றவர்கள் கணக்கில், யாரோ மெஷினுக்கு ரவிக்கை கட்டியிருக்கிறார்கள். முதல் மாடிப் பெண்மணி அதைப் பரிகாரம் என்று புரிந்துகொண்டு ஒரு வாரம் கீழ்த்தளம் பக்கமே வரவில்லை. பொறுப்பாளர் அம்மா துணியை அவிழ்த்து, பிளக்கைச் செருகி, கடிதம் எழுதினார். வாடகை ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்ததால் கடிதமும் மனைவி பெயருக்கே வந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"கட்டடத்தோட சாமான்ல கை வெக்கக் கூடாதாம். இன்னொரு தடவை வெச்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களாம்."

"பேரிங்கைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

"அவங்க எழுதினது உங்களைப் பத்தி." மனைவி கடிதத்தை மடித்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஃபிட்டருக்குச் சமாளிக்கத் தெரியும். "இந்த வீடு கிடைக்க நாலு மாசம் அலைஞ்சேன். நீங்க வந்து இருக்கணும்னுதான் அலைஞ்சேன். மெஷின் அவங்களுது. போனா போகட்டும். எனக்காகக் காதைப் பொத்திக்கிட்டு இருங்க."

இருந்தார். ஸ்க்ரூடிரைவரை அலமாரிக்குள் வைத்துவிட்டார். ஆனால் காலை பத்து மணிக்குக் கால் தானாகப் படியிறங்கியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டாம் நம்பருக்கு முன்னால் வெறுங்காலோடு தரையில் நிற்பார். தரை வழியாக அதிர்வு உள்ளங்காலுக்கு வரும். "கை வெக்கக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு. கால் வெக்கக் கூடாதுன்னு இல்லையே."

அந்தக் கோலத்தில்தான் டாக்சிக்காரர் அவரைப் பிடித்தார். கையில் ஒரு கூடைத் துணி.

"என்ன அண்ணே, இப்போ சந்நிதியில செருப்பு வேற கழட்டியாச்சா?"

"தம்பி, இந்த மெஷின்ல போடாதே. மூணாம் நம்பர்ல போடு."

"ஏன், இது கோவிச்சுக்குமா?"

"இன்னும் பத்து நாள் தாங்கினா அதிகம். டிரம் ஆட ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள உன் துணி இருந்தா உன் துணியும் சேந்து ஆடும்."

டாக்சிக்காரர் சத்தமாகச் சிரித்தார். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு மீசையின் இரண்டு முனைகளையும் நீவினார். "நான் தினமும் இதுலதான் போடறேன். ரதம் மாதிரி ஓடுது. பத்து நாள்ல இது நின்னுச்சுன்னா என் மீசைய எடுத்துக்கறேன் அண்ணே. நிக்கலேன்னா நீங்க இந்த ரூமுக்கு வர்றதை நிறுத்திக்கணும். அண்ணி எவ்வளவு சங்கடப்படறாங்க தெரியுமா?"

ஃபிட்டருக்கு அந்தக் கடைசி வரி சுருக்கென்று பட்டது. "சரி" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். அதன்பின் எட்டு நாள் அவர் கீழே இறங்கவேயில்லை. வீட்டுத் துணியைக்கூட மனைவியே கொண்டுபோனார். பத்து மணி ஆனால் டிரான்ஸ்பார்மர்மேல் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவருக்குப் பேரிங் இல்லை.

ஒன்பதாம் நாள் மதியம் கட்டடம் லேசாக அதிர்ந்தது. மனைவிக்கு அன்று விடுமுறை. ஃபிட்டர் சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல், "போச்சு" என்றார்.

"எது?"

"இரண்டாம் நம்பர்."

"நீங்க தொட்டீங்களா?"

"ஒன்பது நாளைக்கு முன்னால. காலால."

கீழே இரண்டாம் நம்பர் தன் இடத்தை விட்டு ஒன்றரை அடி நடந்து வந்து, அறைக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. தரையெல்லாம் நுரை. கண்ணாடிக் கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே டாக்சிக்காரரின் வேலைச் சட்டைகள் மூன்றும், தப்பிக்க முயன்றவர்களைப்போலக் கண்ணாடியில் கையை ஒட்டிக்கொண்டு கிடந்தன. இதெல்லாம் மூன்றாம் மாடிக்குத் தெரியாது. மூன்றாம் மாடிக்குக் கேட்டது படியில் ஏறி வந்த சாவிக்கொத்துச் சத்தம் மட்டும்தான். அது ஒவ்வொரு தளமாக ஏறி, இவர்கள் வாசலில் நின்றது.

மனைவி அலமாரியிலிருந்து அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தார். என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கியிருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. பொறுப்பாளர் அம்மா மனைவியின் தோளுக்கு மேலாக ஃபிட்டரைப் பார்த்து, வாயைக் குவித்து, "கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்" என்றார். கையை வயிற்றுப் பக்கம் சுழற்றியும் காட்டினார்.

ஃபிட்டர் எழுந்து கை கழுவினார். "டக் கொஞ்சம் சீக்கிரமா வருது. மத்தபடி சரிதான்னு சொல்லு" என்றார். அலமாரியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொள்ளலாமா என்று மனைவியைக் கேட்டார். மனைவி அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். மொட்டைத்தலை, நீல அங்கி, ஃபிட்டர் வயதுதான் இருக்கும். யாருக்கும் வணக்கம் வைக்காமல் நேராகச் சுவருக்குப் போய், மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, நீண்ட ஒயரோடு அதைத் தன் மேல்பையில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.

ஓரமாக நின்றிருந்த ஃபிட்டர் மனைவியின் முழங்கையைப் பிடித்தார். "பாத்தியா. பையில போட்டுக்கிட்டார் பாத்தியா." பதினோரு மாதத்தில் இந்த ஊரில் அவருக்கு முழுசாகப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

அதன்பின் இரண்டு பேரும் பேசியது எந்த மொழி என்று சொல்வது கடினம். இவர் உறுமினார், அவர் தலையசைத்தார். அவர் வேறு விதமாக உறுமினார், இவர் மறுத்து, கொஞ்சம் தாழ்த்தி உறுமிக் காட்டினார். பின்பக்கத்தைத் திறந்தபோது பேரிங் இவர் சொன்னபடியே துருப்பிடித்துப் பொடியாகிக் கிடந்தது. மெக்கானிக் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஃபிட்டரின் ஸ்க்ரூடிரைவரைச் சுட்டிக்காட்டி, ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் நம்பரையும் சுட்டினார். ஃபிட்டர் ஊன்றினார், கண்ணை மூடினார், கேட்டார். மூன்று விரல் காட்டினார். மூன்று மாதம். மெக்கானிக் தானும் காதை வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்து, நான்கு விரல் காட்டினார். ஃபிட்டர் மூன்றிலிருந்து இறங்கவில்லை.

மெக்கானிக் மனைவியிடம் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"நீங்க எந்தக் கம்பெனில வேலை பாக்கறீங்கன்னு கேக்கறார்."

ஃபிட்டர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்தார். "இப்போதைக்கு வீட்லன்னு சொல்லு."

மனைவி சொன்னார். வெகுநேரம் சொன்னார். நடுவில் இரண்டு முறை பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"நான் சொன்னது ரெண்டு வார்த்தை. நீ ரெண்டு நிமிஷமா பேசறே?"

"மொழிபெயர்ப்புன்னா அப்படித்தான். நீங்க சும்மா இருங்க."

இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஃபிட்டர் நீல அங்கி போட்டுக்கொண்டு அந்த மொட்டைத்தலைக்காரரோடு வண்டியில் போகிறார். மூன்று மாதத்துக்குத் தற்காலிகம். "ட்ரையல்தான், ட்ரையல்தான்" என்று கேட்பவர்களிடமெல்லாம் அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறார். கேட்காதவர்களிடமும் சொல்கிறார். புது வார்த்தைகள் முப்பது சேர்ந்திருக்கின்றன, ஒன்றுகூடக் காய்கறி இல்லை. அங்கி இரண்டு அளவு பெரியது. மனைவி கையை மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். தையலைப் பிரிக்க முடியாதபடி நெருக்கமாகப் போட்டிருக்கிறார், மூன்று மாதத்தில் திருப்பிக் கொடுக்கப்போகிற உடுப்பு இல்லை என்பதுபோல. சலவை அறைச் சுவரில் ஒரு கொக்கி புதிதாக முளைத்திருக்கிறது. அதில் சிவப்பு ரவிக்கைத் துணி தொங்குகிறது. அடித்துவைத்தது பொறுப்பாளர் அம்மா. ஃப்ரிட்ஜுக்கும் ஒருவழியாகச் சலுகை கிடைத்துவிட்டது. அதன் பிளக் பக்கத்தில் "இது வேண்டாம்" என்று மனைவி எழுதி ஒட்டியிருக்கிறார்.

மீசை மட்டும் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. டாக்சிக்காரர் இதற்கென்று ஒரு வாதம் வைத்திருக்கிறார். "அண்ணே சொன்னது பத்து நாள். அது நின்னது ஒன்பதாம் நாள். கணக்கு தப்பு. தப்பான கணக்குக்கு நான் ஏன் மீசை குடுக்கணும்?" இதை அவர் எல்லாரிடமும் சொல்கிறார், ஃபிட்டரிடம் தவிர.

வேலையில்லாத நாட்களில், காலை பத்து மணிக்கு, ஃபிட்டர் மூன்றாம் நம்பருக்குப் பின்னால் நிற்கிறார். ஸ்க்ரூடிரைவர் எலும்பில். கண் மூடியிருக்கிறது. டாக்சிக்காரர் துணிக் கூடையை மூக்கு மறையும் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, முதலாம் நம்பரை நோக்கிப் போகிறார். ஃபிட்டர் கண்ணைத் திறக்கவில்லை. சும்மா தொங்கிக்கொண்டிருந்த இடது கையை மட்டும் உயர்த்தி, இரண்டு விரலை நீட்டி, கத்தரிக்கோல்போல இரண்டு முறை மூடித் திறக்கிறார்.